நாலு மணிச் சாயாவுக்கு முப்பது கிராம் அண்டிப்பருப்பு

குமரி மாவட்டத்தில் மாலை நாலு மணி என்றால் சாயாவும் கடியும்தான். பழம்பொரி, பருப்பு வடை, போண்டா, இல்லையென்றால் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ். கல்குளம், விளவங்கோடு பக்கம் அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை, இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோடு உடைத்து, தொலி உரித்து, தரம் பிரித்து உலகத்துக்கெல்லாம் பருப்பு அனுப்புகிற மண் இது. ஆனாலும் வீட்டில் அண்டிப்பருப்பு என்கிற முந்திரிப்பருப்பு வெளியே வருவது பெரும்பாலும் பாயசத்துக்குத்தான். அந்தப் பருப்பையும், அதைவிட மலிவான நிலக்கடலையையும் நாலு மணிக் கடியாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். எவ்வளவு, எதை வாங்குவது, எப்படி வறுப்பது, இரண்டு மழைக்காலமும் பெய்கிற இந்த ஊரில் எப்படிக் கெடாமல் வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அளவு

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம். "ஒரு கைப்பிடி" என்று சொல்வது வசதிதான், ஆனால் வள்ளம் தள்ளுகிறவர் கையும் பள்ளிப்பிள்ளையின் கையும் ஒன்றில்லை. ஒரே ஒரு முறை தராசில் நிறுத்து, அது எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கிண்ணமே போதும். வீட்டில் தராசு இல்லையா? கடையில் 100 கிராம் வாங்கி மூன்றாகப் பகிர்ந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

அண்டிப்பருப்பை எண்ணியும் எடுக்கலாம். 320 என்று எழுதியிருக்கும் தரம் என்றால், ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு என்று பொருள். அதில் 20 பருப்பு 30 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். 240 என்றால் 15 பருப்பு, 180 என்ற பெரிய பருப்பு என்றால் 11 அல்லது 12. பாதாம் 25, வால்நட் முழுப்பருப்பு ஏழு. நிலக்கடலையை எண்ண முடியாது. தோட்டோடு 45 கிராம் எடுத்து உடைத்தால் ஏறத்தாழ 30 கிராம் பருப்பு கிடைக்கும்.

அளவில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், 30 கிராம் அண்டிப்பருப்பில் 165 கலோரிக்குப் பக்கம் இருக்கிறது, நிலக்கடலையில் 170, வால்நட்டில் 195. பேசிக்கொண்டே டப்பாவிலிருந்து கொறித்தால் 100 கிராம் போவது தெரியாது. அது 550 கலோரி, ஒரு நேரச் சாப்பாடு. டப்பாவை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். கிண்ணத்தில் எடுத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள்.

இதில் என்ன கிடைக்கிறது

30 கிராம் நேந்திரங்காய் சிப்ஸிலும் 155 கலோரி இருக்கிறது. கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் உள்ளே. சிப்ஸில் புரதம் ஒரு கிராம்கூட வராது. அண்டிப்பருப்பில் ஐந்து கிராமுக்கு மேல், நிலக்கடலையில் ஏழுக்கு மேல். கொழுப்பும் புரதமும் வயிற்றில் மெதுவாகத்தான் கரையும். அதனால் நாலு மணிக்குத் தின்றவர் ஏழு மணிக்கு மறுபடியும் அடுக்களையில் டப்பா தேடமாட்டார். மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த கடியில் இந்தப் பலன் கிடையாது.

அண்டிப்பருப்பில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்ற பயம் ஊரில் பரவலாக உண்டு. கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் மட்டும்தான் இருக்கும். எந்தப் பருப்பிலும் அது கிடையாது. அண்டிப்பருப்பில் கொழுப்பு நிறையவே உண்டு, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒலீயிக் அமிலம். ஆலிவ் எண்ணெயில் இருக்கிற அதே வகைதான். சென்னையில் 300 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 12 வாரம் தினமும் 30 கிராம் உப்பில்லாத அண்டிப்பருப்பு கொடுத்தார்கள். அவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் கொஞ்சம் இறங்கியது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். கூடியது. எடையும் சர்க்கரையும் மோசமாகவில்லை. ஸ்பெயினில் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு 2013-ல் வந்தது. கணக்கைத் திருத்தி 2018-ல் மறுபடியும் வெளியிட்டார்கள். அதில் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாட்டோடு தினமும் 30 கிராம் கலவைப் பருப்பு தின்ற பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால் பங்குக்கும் மேல் குறைவாக இருந்தன. அந்த 30 கிராமில் 15 கிராம் வால்நட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும். அளவு இரண்டு ஆய்விலும் 30 கிராம்தான் என்பதைக் கவனியுங்கள்.

அண்டிப்பருப்புக்கு ஒரு குறையும் உண்டு. நார்ச்சத்து மிகக் குறைவு, 100 கிராமுக்கு மூன்று கிராம் சொச்சம்தான். பாதாமில் 12, நிலக்கடலையில் 8. மக்னீசியத்தில் அண்டிப்பருப்பு முன்னால் நிற்கும். 30 கிராமிலேயே ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும். அதனால் ஒன்றையே தின்னாமல் கலந்து தின்பதுதான் சரி. நிலக்கடலை, நம்மில் சிலர் கப்பலண்டி என்பது, உண்மையில் பயறு வகைச் செடி. இருந்தாலும் சத்தில் பாதாமுக்கு இளைத்ததில்லை. விலையைப் பார்த்தால் தினசரிக் கடிக்கு அதுதான் முதுகெலும்பு.

சக்கைக்கொட்டையையும் (பலாக்கொட்டை) அயனிக்கொட்டையையும் (காட்டுப்பலாக் கொட்டை) வறுத்துத் தின்பது நம்மூர் வழக்கம், நல்ல ருசியும்கூட. ஆனால் சக்கைக்கொட்டை பெரும்பாலும் மாவுச்சத்து. அதைக் கிழங்குக் கணக்கில் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் "நானும் கொட்டைதான் தின்கிறேன்" என்று அதை ஒரு தட்டு தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தேங்காயும் இந்தக் கணக்கில் சேராது. அதில் நிறைகொழுப்பு அதிகம், நம் குழம்பிலும் தோரனிலும் அது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பருப்பு கடிக்குப் பதிலாக வர வேண்டும், கடியோடு சேர்ந்து வரக்கூடாது. இரண்டு பழம்பொரியும் தின்றுவிட்டு மேலே 20 அண்டிப்பருப்பு என்றால் எடை ஏறுவதற்குத்தான் வழி.

வாங்கும்போது

முழுப்பருப்புக்குக் கொடுக்கிற விலையில் பெரும் பகுதி அதன் அழகுக்குத்தான். இரண்டாகப் பிளந்ததிலும், துண்டிலும், குருணையிலும் இருக்கிற சத்து அதே சத்து. வறுக்கும்போது சூடு கொஞ்சம் கூடி லேசாகப் பழுத்த நிறம் பெற்ற பருப்பும் மலிவாகக் கிடைக்கும், அதிலும் குறையொன்றுமில்லை. வீட்டில் கொறிக்கப் பெரிய துண்டு வாங்குங்கள். குருணையை மட்டும் தவிர்க்கலாம். அது பரப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் ஈரம் இழுக்கும், சீக்கிரம் காறும்.

கடையில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து, மெதுவாகப் பிய்ந்தால் ஈரம் ஏறிய பருப்பு. நல்ல பருப்பில் ஈரப்பதம் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கும். அடுத்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். பொட்டலத்தின் மூலையில் நூலாம்படை போல, மாவு போல ஏதாவது தெரிந்தால் புழு விழுந்திருக்கிறது. பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்க்கும் பண்டிகை நேரத்தில் இந்த மூன்றையும் தவறாமல் பாருங்கள்.

நிலக்கடலையில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். சுருங்கியது, கறுத்தது, மஞ்சள்-பச்சையாகப் பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் சொளவில் (முறத்தில்) கொட்டிப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. தின்னும்போது ஒரு கடலை கசந்தால் விழுங்க வேண்டாம், துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். "ஒரு கடலைதானே" என்று நினைக்கிற இடம் இதுவல்ல.

வறுப்பது

கடையில் "பச்சை" என்று விற்கிற வெள்ளைப் பருப்பு, தோடு உடைப்பதற்காக ஏற்கெனவே வேகவோ வறுபடவோ செய்தது. அப்படியே தின்னலாம். வறுத்தால் மணமும் மொறுமொறுப்பும் கூடும்.

அடி கனத்த சீனச்சட்டியைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, 250 கிராம் அண்டிப்பருப்பைப் போடுங்கள். எண்ணெய் வேண்டாம், அதற்குள்ளேயே இருக்கிறது. எட்டு முதல் பத்து நிமிடம் கை ஓயாமல் கிளறுங்கள். வெளுத்த பொன்னிறம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். நீங்கள் நினைக்கிற நிறம் சட்டியிலேயே வந்துவிட்டால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் இறக்கிய பிறகும் உள்ளே இருக்கிற சூட்டில் இன்னொரு படி சிவக்கும். உடனே சொளவிலோ பெரிய தட்டிலோ பரப்புங்கள், சட்டியிலேயே விடாதீர்கள். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இதுதான் அதிகம் நடக்கிற தவறு. துண்டும் முழுசும் கலந்து போட்டாலும் துண்டு கருகிவிடும், தனித்தனியே வறுங்கள். ஓவன் இருந்தால் 150 டிகிரியில் ஒரே அடுக்காகப் பரப்பி 10 முதல் 12 நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்ட வேண்டும்.

நிலக்கடலைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும், 12 முதல் 15 நிமிடம். தொலி வெடித்துப் பட் பட்டென்று சத்தம் வரும், தேய்த்தால் தொலி கழலும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து "இன்னும் வேகவில்லை" என்று மேலும் வறுப்பவர்கள் பலர். கடலை ஆறினால்தான் மொறுமொறுக்கும். ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள்.

உப்பு வேண்டும் என்றால், 250 கிராம் பருப்புக்கு அரை தேக்கரண்டி உப்பை ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, சட்டியில் சூடாக இருக்கிற பருப்பின் மேல் தெளித்து, ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். உப்பைத் தூளாகத் தூவினால் பருப்பில் ஒட்டாமல் அடியில் தங்கும், கடைசியில் ஒருவருக்கு மொத்த உப்பும் போகும். இந்த அளவில் 30 கிராமுக்கு அரை கிராம் உப்புகூட வராது. ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் ஊறுகாயும் புழங்குகிற வீட்டில் அந்த ஐந்து கிராம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிட்டு, வறுத்து இறக்கும்போது அரை தேக்கரண்டி இடித்த நல்லமிளகும், மொறுமொறுப்பாக வாட்டிய ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டுங்கள். ருசியில் குறை தெரியாது.

கடலை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்த மசாலாப் பருப்பும், சீனிப்பாகு பூசியதும் வேறு பண்டம். கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்காவது வெல்லம் இருக்கும். அதை இனிப்புக் கணக்கில் வையுங்கள்.

அவித்த கடலைக்கு: தோட்டோடு அரை கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. பச்சைக் கடலை என்றால் குக்கரில் மூன்று நான்கு விசில். காய்ந்த கடலை என்றால் முந்தின இரவே ஊறப்போட்டு, ஆறு விசில். நீர் ஏறியிருப்பதால் எடைக்குக் கலோரி குறைவு, 100 கிராமுக்கு 320 போல. ஆகவே 50 கிராம் வரை தின்னலாம். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒரு ராத்திரி வெளியே இருந்தால் பிசுபிசுத்துப் போகும்.

பாதாமை ஊறவைத்துத் தொலி உரித்துத்தான் தின்ன வேண்டும் என்று கட்டாயமில்லை. தொலியில்தான் நார் இருக்கிறது. பல் தேய்ந்தவர்களுக்கு மென்மைக்காக எட்டு மணி நேரம் ஊறவைக்கலாம், ஊறியதை அன்றே தின்றுவிட வேண்டும்.

தோட்டோடு இருக்கும் அண்டி

வீட்டு முற்றத்துக் கொல்லாமரத்து அண்டியைச் சுட்டுத் தின்ன ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. தோலில் பட்டால் வெந்துபோகும், கொப்புளம் வரும். சுடும்போது அந்த எண்ணெய் தீப்பிடித்துச் சீறும், புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். சுடுவதானால் வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, நீளக் கம்பால் கிளறுங்கள். தீ அணைந்ததும் மணலில் தள்ளிப் புரட்டினால் எண்ணெயை மணல் இழுத்துக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகு உடையுங்கள், கையில் உறையோ சாம்பலோ வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். உடைத்த கையோடு பருப்பைத் தொட்டால் அந்த எண்ணெய் உதட்டுக்கு வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோடையில் கிடைக்கும் பச்சை அண்டியைக் கீறிப் பருப்பெடுத்துக் கறிவைப்பது தனிச் சுவை. அதற்கும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அது காய்கறி போல, ஒரு நாளுக்கு மேல் நில்லாது.

மழைக்காலத்தில் வைப்பது

தென்மேற்குப் பருவம், அது ஓய்ந்ததும் வடகிழக்கு. ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம். இங்கே பருப்பு கெடுவதற்கு முதல் காரணம் இதுதான், இரண்டாவது அவசரம். வறுத்ததைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து, திரும்பச் சொட்டி, மறுநாளே பருப்பு பதத்துப்போகும், ஒரு வாரத்தில் பூசணம் வரும். பரப்பி வைத்து முக்கால் மணி நேரம் கழித்து, கையில் கொஞ்சமும் சூடு தெரியாதபோது மட்டும் மூடுங்கள். அதே முக்கால் மணி நேரத்தை மூன்று மணி நேரமாக்கினால் அடைமழை நாளில் ஈரம் இழுத்துவிடும்.

இரண்டு பாத்திரம் வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியது இறுக்கமான மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் அல்லது எவர்சில்வர் டப்பாவில் வெளியே இருக்கட்டும். மீதி ஃபிரிட்ஜில். வறுக்காத பருப்பு ஃபிரிட்ஜில் ஆறு மாதம், உறைபெட்டியில் ஒரு வருடம் நிற்கும். வறுத்தது வெளியே இரண்டு மூன்று வாரம்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள், குளிர்ந்த பருப்பின் மேல் காற்றின் ஈரம் பனியாகப் படியும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வாங்கிய பருப்பில் புழு முட்டை இருக்குமோ என்று சந்தேகமானால் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும்.

அடுப்புக்கு மேல் உள்ள தட்டு, வெயில் படும் சன்னல், கருவாட்டுப் பானைக்குப் பக்கம், இந்த மூன்று இடமும் வேண்டாம். பருப்பில் பாதி எண்ணெய், பக்கத்தில் இருக்கும் வாடையை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும்.

பதத்துப்போனதும் காறிப்போனதும் ஒன்றல்ல. பதத்தது ஈரம் மட்டுமே. சிறு தீயில் நாலைந்து நிமிடம் வாட்டினால் திரும்ப வந்துவிடும். காறியது எண்ணெய் கெட்டது. பெயின்ட் போல வாடை, தொண்டையில் கரகரப்பு. எவ்வளவு வறுத்தாலும் அது மாறாது, பாயசத்தில் போட்டு மறைக்கவும் முடியாது. எறிந்துவிட வேண்டும். வால்நட் மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் காறும், அதை எப்போதும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு

நான்கு பேர், அதில் இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். பெரியவர்களுக்கு 30, பிள்ளைகளுக்கு 15 கிராம். வாரம் ஆறு நாளுக்கு 540 கிராம் வேண்டும். 350 நிலக்கடலை, 120 அண்டிப்பருப்புத் துண்டு, 70 பாதாம் என்று கலந்தால் செலவும் தாங்கும், நாரும் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனியே வறுத்து ஆறிய பிறகு கலக்குங்கள். கூட ஒரு மட்டிப்பழம் இருந்தால் பிள்ளைகளுக்கு நிறைந்த கடி.

விடிவதற்கு முன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் பால் விடாத வெறும் கட்டன்சாயாவோடு கிளம்பி ஒன்பது பத்து மணிவரை ஒன்றும் தின்பதில்லை. அவர்களுக்கு நாலு மணிக் கடியைவிட இந்த விடியற்காலைக் கடிதான் முக்கியம். 30 கிராம் கலவையும் ஒரு பழமும் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டால் இடையில் கைகால் தளராது. கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதுவே, ஆனால் உப்பில்லாததாக எடுத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டால் தாகம் வாட்டும்.

யாருக்குக் கவனம்

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழுப்பருப்பு கொடுக்கவே கூடாது. ஓடிக்கொண்டே சிரித்துக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். பொடித்து, கஞ்சியிலோ பிசைந்த பழத்திலோ கலந்து கொடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிறு துண்டும் ஆபத்து. தின்ற சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, மூச்சு வாங்குவது. மூச்சு சிரமம் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். அண்டிப்பருப்பும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒத்துக்கொள்ளாது. கல்யாண வீட்டுக் குருமாவிலும் பாயசத்திலும் அண்டிப்பருப்பு அரைபட்டுக் கிடக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சிறுநீரகக் கல் அடிக்கடி வருகிறவர்கள் பாதாம், அண்டிப்பருப்பு இரண்டையும் குறைக்க வேண்டும், ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் சிக்கல். அவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்காமல் தொடங்க வேண்டாம்.

குப்பியின் அடியில் தங்கும் நொறுங்கலை வாரக் கடைசியில் எடுத்து முகர்ந்து பார்த்து, காறல் இல்லையென்றால் இரண்டு வறுத்த வத்தல் மிளகாய், கொஞ்சம் நல்லமிளகு, இரண்டு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக இடித்து வையுங்கள். அவித்த மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கிழங்கு) கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ளலாம். மிக்சியில் ஒரேயடியாக ஓடவிடாதீர்கள், எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். விட்டு விட்டு நாலு சுற்று போதும். கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அந்தக் குப்பியில் அடுத்த வாரத்துப் பருப்பைப் போடுங்கள்.